மூடிய அலமாரியைத் திறந்தது யார்? அயர்லாந்து கற்றுக்கொண்ட பாடம்

ஒரு தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் பிரதமர் மக்களிடம் மன்னிப்புக் கேட்பது அன்றாடம் நடக்கிற காரியம் அல்ல. 1999ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி அயர்லாந்தில் அது நடந்தது. அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான ஆர்.டி.இ., 'ஸ்டேட்ஸ் ஆஃப் ஃபியர்' என்ற ஆவணத் தொடரை மூன்று பகுதிகளாக ஒளிபரப்பியது. தயாரித்தவர் மேரி ராஃப்டரி என்ற பெண் செய்தியாளர். சமயச் சபைகள் நடத்திய பிள்ளைகள் இல்லங்களில் பல்லாண்டுக் காலம் நடந்த அடி, பட்டினி, பாலியல் கொடுமை ஆகியவற்றை அந்தத் தொடர் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. கடைசிப் பகுதி ஒளியேற இருந்த அன்றே, பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசாங்கத்தின் சார்பில் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் அமைக்கப்படும் என்றும் அறிவித்தார்.

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, ஆணையமும் வந்துவிட்டது, இனி என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால், உண்மையான போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கோப்புகள் யார் கையில் இருக்கின்றன? அவற்றை யார் பார்க்கலாம்? தவறு செய்தவரின் பெயரை வெளியிடலாமா? இழப்பீட்டை யார் கொடுப்பது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி அந்த நாடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியது.

தலைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு

அயர்லாந்தில் 'தொழிற்பள்ளி' என்ற ஏற்பாடு 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. அப்போது அந்நாடு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. சுதந்திரம் கிடைத்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. பள்ளிகளை நடத்தியவை கிறிஸ்தவ சகோதரர்கள் சபை, இரக்கத்தின் அருட்சகோதரிகள் சபை, ரோஸ்மினியன் சபை போன்ற கத்தோலிக்கத் துறவற சபைகள்.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் என்று பலர் நினைத்திருந்தார்கள். உண்மை அதுவல்ல. பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வறுமை, பள்ளிக்குப் போகாமை, தாய் தந்தையரில் ஒருவர் இல்லாமை போன்ற காரணங்களுக்காக நீதிமன்ற உத்தரவின் பேரில் அனுப்பப்பட்டவர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுத்தது. பிள்ளைகள் குறைந்தால் வருமானமும் குறையும். இப்படி ஒரு கணக்கு இருக்கும் இடத்தில், பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நிர்வாகத்துக்கு என்ன அவசரம் இருக்கப் போகிறது?

டப்ளினின் ஆர்ட்டேன் பள்ளி, மேற்குக் கரையில் இருந்த லெட்டர்ஃப்ராக் பள்ளி, டப்ளினில் பெண் பிள்ளைகளுக்கான கோல்டன்பிரிட்ஜ் இல்லம் ஆகிய பெயர்கள் பின்னாளில் அந்நாட்டு மக்கள் தலைகுனியும் பெயர்களாயின. ஆர்ட்டேன் 1969ஆம் ஆண்டிலும் லெட்டர்ஃப்ராக் 1974ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன.

சொன்னவர்கள் இருந்தார்கள், கேட்டவர்கள் இல்லை

'அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது' என்பது இத்தகைய வழக்குகளில் எப்போதும் வரும் முதல் பதில். அயர்லாந்தின் வரலாறு அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை.

1946ஆம் ஆண்டிலேயே ஒருவர் வெளிப்படையாகப் பேசினார். அவர் வெளியாள் அல்ல, கத்தோலிக்கப் பாதிரியார்தான். அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 'பாய்ஸ் டவுன்' என்ற புகழ்பெற்ற சிறுவர் இல்லத்தை நிறுவிய எட்வர்ட் ஃபிளானகன் அவர். தாய்நாட்டுக்கு வந்த அவர், பிள்ளைகள் நடத்தப்படும் விதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அன்றைய நீதித்துறை அமைச்சர் ஜெரால்ட் போலண்ட் நாடாளுமன்றத்தில் அதைத் தட்டிக்கழித்தார். 1948ஆம் ஆண்டில் ஃபிளானகன் காலமானார். விஷயம் அத்தோடு அமுங்கிப் போனது.

லெட்டர்ஃப்ராக் பள்ளியில் வளர்ந்த பீட்டர் டைரெல் என்பவர், தாம் பட்ட துன்பத்தை எழுதி எழுதிப் பலருக்கும் அனுப்பினார். செவிசாய்த்த மிகச் சிலருள் ஒருவர் செனட்டர் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன். டைரெல் 1967ஆம் ஆண்டில் லண்டனில் மிகத் துயரமான முறையில் உயிரை விட்டார். இறந்தவர் யார் என்று கண்டுபிடிக்கவே ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அந்த செனட்டரின் பெயர் எழுதிய அஞ்சலட்டைத் துண்டுதான் அடையாளம் காட்டியது. செனட்டரின் தாள்களுக்கு நடுவே கிடந்த டைரெலின் கையெழுத்துப் பிரதி 2006ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. எழுதியவர் போய் 39 ஆண்டுகளுக்குப் பிறகே அவர் சொல்லுக்கு வாசகர் கிடைத்தனர்.

அரசாங்கம் அமைத்த கென்னடி குழு, 1970ஆம் ஆண்டில் இந்தப் பள்ளி முறையையே கைவிடச் சொன்னது. 1996ஆம் ஆண்டில் கோல்டன்பிரிட்ஜ் இல்லத்தில் வளர்ந்த கிறிஸ்டீன் பக்லி தம் வாழ்க்கையை 'டியர் டாட்டர்' என்ற தொலைக்காட்சி ஆவணப்படத்தில் சொன்னார். ஆக, குரல் இல்லாமல் இல்லை. அதைக் கேட்டு, பதிவு செய்து, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் இடம் இல்லாததுதான் குறை.

விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒருவரா?

2000ஆம் ஆண்டில் சட்டப்படி அமைந்த ஆணையத்துக்கு நீதிபதி மேரி லஃபோய் தலைவரானார். அதற்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று, பாதிக்கப்பட்டவர்கள் தனியறையில் மனம் விட்டுப் பேசும் ரகசியக் குழு. மற்றொன்று, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் புலனாய்வுக் குழு. வெளியில் சொல்ல விரும்பாதவருக்கும் நியாயம் கேட்டு நிற்பவருக்கும் தனித்தனி வாசல் வைத்தது நல்ல யோசனைதான்.

ஆனால், ஆணையத்துக்குப் பணமும் ஆட்களும் ஒதுக்கிய பொறுப்பு எந்த அமைச்சிடம் இருந்தது தெரியுமா? கல்வி அமைச்சிடம். அந்தப் பள்ளிகளைச் சோதனை செய்திருக்க வேண்டியதும் அதே கல்வி அமைச்சுதான். விசாரிக்கப்படும் தரப்பே விசாரணைக்குச் செலவு செய்யும் தரப்பாகவும் இருந்தது. போதிய ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று குறை கூறி நீதிபதி லஃபோய் 2003ஆம் ஆண்டில் விலகினார். அவருக்குப் பின் ஷோன் ரயன் பொறுப்பேற்றார்.

2009ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி, ஐந்து தொகுதிகள் கொண்ட ரயன் அறிக்கை வெளியானது. ஆண் பிள்ளைகள் இல்லங்களில் பாலியல் கொடுமை ஊறிப்போன ஒன்றாக இருந்தது என்று அது முடிவு கூறியது. பிள்ளைகள் அன்றாடம் பயத்திலேயே வாழ்ந்தார்கள். கல்வி அமைச்சின் சோதனைகள் முன்னறிவிப்பின்றி நடத்தப்படவில்லை. சோதிக்க வந்தவர் பிள்ளைகளிடம் பேசியது அபூர்வம். சபைகளுக்கு முன் அமைச்சு பணிந்தே போயிற்று.

அறிக்கையில் ஒரு செய்தி மிக முக்கியமானது. பள்ளியில் வேலை பார்த்த சாதாரண ஊழியர் ஒருவர் பிள்ளையிடம் பாலியல் குற்றம் செய்தது தெரிந்தால், பெரும்பாலும் போலீசுக்குப் புகார் போனது. அதே குற்றத்தைச் சபையின் துறவி செய்திருந்தால், விஷயம் உள்ளுக்குள்ளேயே முடிக்கப்பட்டது. அவர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். அப்படியானால், அது குற்றம் என்று சபைக்குத் தெரியாமல் இல்லை. யாருக்குச் சட்டம், யாருக்குச் சலுகை என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. இதை நிரூபித்தது பெரும்பாலும் சபைகளின் சொந்தக் கோப்புகளே.

பெயர் இல்லாத அறிக்கை

குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயரை அறிக்கையில் போடக்கூடாது என்று கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நீதிமன்றம் போனது. பலர் முதுமையில் இருக்கிறார்கள், பலர் இறந்துவிட்டார்கள், எதிர்வாதம் செய்ய முடியாதவர்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சுமத்துவது நியாயமா என்பது அவர்கள் வாதம். 2004ஆம் ஆண்டில் ஆணையம் பெயர்களை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. அறிக்கை புனைபெயர்களுடன் வந்தது.

இதில் இரு பக்கமும் யோசிக்க வேண்டியது உண்டு. பொய்க் குற்றச்சாட்டால் ஒருவரின் பெயர் கெட்டால் அதைத் துடைப்பது கடினம். அதே வேளையில், பெயரே இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

இந்த ஆதங்கம் அந்நாட்டு மக்கள் முன் வெடித்ததும் ஒரு தொலைக்காட்சிக் கருத்தரங்கில்தான். அறிக்கை வெளிவந்த சில நாட்களில், ஆர்.டி.இ.யின் 'கொஸ்டின்ஸ் அண்ட் ஆன்சர்ஸ்' நிகழ்ச்சியில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். க்ளோன்மெல் நகரின் முன்னாள் மேயர் மைக்கேல் ஓ'பிரையன். சிறுவயதில் ஃபெர்ரிஹவுஸ் தொழிற்பள்ளியில் தாம் பாலியல் கொடுமைக்கு ஆளானதை, மேடையில் அமைச்சர் அமர்ந்திருக்கும்போதே அவர் சொன்னார். ஆணையத்தின் முன் ஐந்து நாள் வழக்கறிஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேர்ந்ததையும், பொய் சொல்கிறாய் என்று தம்மை மடக்கியதையும் தழுதழுத்த குரலில் விவரித்தார். ஐந்து தொகுதி அறிக்கை எடுத்துச் சொல்ல முடியாததை அந்தச் சில நிமிடங்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன.

உண்மையைத் தேடும் அமைப்பே பாதிக்கப்பட்டவரை மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்ற பாடம் அன்று பலருக்கும் உறைத்தது.

கோப்புகளைக் கொடுத்த பேராயர்

அதே 2009ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இன்னோர் அறிக்கை வந்தது. நீதிபதி இவோன் மர்ஃபி தலைமையிலான ஆணையம், டப்ளின் உயர் மறைமாவட்டம் 1975 முதல் 2004 வரை புகார்களை எப்படிக் கையாண்டது என்று ஆராய்ந்தது. ரகசியத்தைக் காப்பது, அவதூறைத் தவிர்ப்பது, திருச்சபையின் நற்பெயரையும் சொத்தையும் பாதுகாப்பது ஆகியவையே அங்கு முதன்மையாக இருந்தன, பிள்ளைகளின் நலன் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று அது கண்டறிந்தது.

தெரியாது என்ற பதிலை இங்கு ஒரு சாதாரணக் காகிதம் உடைத்தது. 1987ஆம் ஆண்டிலேயே, இத்தகைய குற்றங்களால் வரக்கூடிய இழப்பீட்டுச் செலவுக்காக மறைமாவட்டம் காப்புறுதி எடுத்திருந்தது. மழையே வராது என்று நம்புகிறவர் குடை வாங்கி வைப்பாரா?

இந்த விசாரணை முழுமை பெற உதவியவரும் திருச்சபைக்குள் இருந்தவரே. அப்போதைய பேராயர் டியர்முயிட் மார்ட்டின் பல்லாயிரக்கணக்கான ஆவணங்களை ஆணையத்திடம் ஒப்படைத்தார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த கர்தினால் டெஸ்மண்ட் கான்னல், அவற்றில் ஒரு பகுதியைக் கொடுக்கக்கூடாது என்று 2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தை நாடினார். சில வாரங்களில் அந்த வழக்கை மீட்டுக்கொண்டார். ஒரே சபை, ஒரே சமயம், ஒரே அலமாரி. ஒருவர் சாவியைக் கொடுத்தார், இன்னொருவர் பூட்டைப் பிடித்துக்கொண்டார். அறிக்கைக்குப் பின் லிமெரிக் ஆயர் டோனல் முரே உள்ளிட்டோர் பதவி விலகினர்.

பொறுப்புக் கேட்பது சமயத்துக்கு விரோதம் என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். 1946ஆம் ஆண்டில் எச்சரித்தவர் ஒரு பாதிரியார். 2009ஆம் ஆண்டு அறிக்கைக்குக் கோப்புகளைக் கொடுத்தவர் ஒரு பேராயர். நம்பிக்கை வேறு, நிர்வாகம் வேறு.

பணமும் வாய்ப்பூட்டும்

இழப்பீட்டுக்காக 2002ஆம் ஆண்டில் தனி வாரியம் அமைந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அரசாங்கம் 18 சபைகளுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. சபைகள் பணமாகவும் சொத்தாகவும் 128 மில்லியன் யூரோ தரும், அதற்கு மேல் ஆகும் இழப்பீட்டை அரசாங்கம் ஏற்கும் என்பது அதன் சாரம். மொத்தச் செலவு பின்னர் சுமார் 1.5 பில்லியன் யூரோ என்று மதிப்பிடப்பட்டது. எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு தெரியாமலேயே உச்சவரம்பு போட்ட ஒப்பந்தம் அது. மீதியைச் சுமந்தவர் வரி செலுத்தும் பொதுமக்கள். ரயன் அறிக்கைக்குப் பிறகு எழுந்த எதிர்ப்பினால்தான் சபைகள் கூடுதல் தொகை தர முன்வந்தன.

இழப்பீடு பெற்றவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும் வகையில் வாரியத்தின் விவகாரங்களை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பணத்தைக் கையில் கொடுத்து வாயைக் கட்டிப்போட்டது போல் இது அமைந்ததாகப் பாதிக்கப்பட்டவர்கள் குமுறினார்கள்.

75 ஆண்டு முத்திரை

2019ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தது. ஆணையத்திடமும் இழப்பீட்டு வாரியத்திடமும் சேர்ந்த இலட்சக்கணக்கான ஆவணங்களைக் குறைந்தது 75 ஆண்டுகளுக்கு யாரும் பார்க்காதபடி முத்திரையிட்டு வைப்பது அதன் நோக்கம்.

அரசாங்கத்தின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ரகசியம் காக்கப்படும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் பலர் வந்து பேசினார்கள். சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை அந்த அறையில் சொன்னார்கள். அந்த வாக்கை மீறினால், நாளை வேறு யார் நம்பிப் பேசுவார்?

எதிர்த்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. 'இது என் வாழ்க்கைக் கதை, இதை ரகசியமாக வைப்பதா வெளியிடுவதா என்று முடிவு செய்ய வேண்டியது நான்தானே' என்று பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கேட்டார்கள். 75 ஆண்டு கழித்துத் திறந்தால் கேட்டவரும் இருக்க மாட்டார், பதில் சொல்ல வேண்டியவரும் இருக்க மாட்டார். அந்த மசோதா சட்டமாகவில்லை.

வெளிப்படைத்தன்மை என்றால் எல்லாவற்றையும் வீதியில் கொட்டுவது அல்ல என்பது இதிலிருந்து புரிகிறது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தை மூடுவதும், நிறுவனத்தின் செயலைத் திறப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பும்போதுதான் 'இரகசியம்' என்ற நல்ல சொல் தவறு செய்தவருக்குக் கேடயமாகிவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு அந்நாட்டில் மாற்றம் வந்தது. 2012ஆம் ஆண்டில் பிள்ளைகளின் உரிமைகளை அரசியலமைப்பில் சேர்க்க மக்கள் வாக்களித்தார்கள். பிள்ளைகளுக்கு எதிரான கடும் குற்றத்தைத் தெரிந்தும் மறைப்பதைக் குற்றமாக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. ஆசிரியர், மருத்துவர், சமயப் பணியாளர் உள்ளிட்டோர் புகார் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் கதை முடியவில்லை. சபைகள் நடத்திய சாதாரணப் பள்ளிகளைப் பற்றி 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த முதற்கட்ட அறிக்கை, 308 பள்ளிகளில் 884 பேர் மீது 2,395 குற்றச்சாட்டுகள் பதிவாகியிருப்பதைக் காட்டியது. அரசாங்கம் மீண்டும் ஓர் ஆணையத்துக்கு ஒப்புதல் அளித்தது.

நம் வாசலில் நிற்கும் கேள்வி

அயர்லாந்து எங்கோ இருக்கிறது, அது வேறு சமயம் என்று எண்ணி நகர்ந்துவிட முடியாது. அதே 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, மலேசியாவில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீசார் சோதனை நடத்தி 402 பிள்ளைகளை மீட்டனர். அவ்வில்லங்கள் குளோபல் இக்வான் என்ற குழுமத்துடன் தொடர்புடையவை என்று போலீசார் தெரிவித்தனர். அண்டை வீட்டாருக்கும் நன்கொடையாளர்களுக்கும் அது வெறும் செய்தி அல்ல, அதிர்ச்சி.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டு பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், குற்றம் பற்றித் தெரிந்தவர் தகவல் தர வேண்டும் என்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அபராதம் உண்டு. ஆனால், சட்டப் புத்தகத்தில் இருப்பது ஆலய அலுவலகத்துக்கும், ஆசிரமத்துக்கும், தேவாலயத்துக்கும், சமயப் பள்ளிக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா?

கோயிலுக்கும் இல்லங்களுக்கும் வாரி வழங்குவதில் நம் சமுதாயம் சளைத்ததல்ல. அரிசி மூட்டை கொடுக்கிறோம், பிறந்த நாளுக்கு அன்னதானம் செய்கிறோம், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். இனி அடுத்த முறை போகும்போது நான்கே கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இந்த இல்லம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா? ஒரு பிள்ளைக்குக் குறை இருந்தால், நிர்வாகத்தைச் சேராத யாரிடம் அது சொல்லலாம்? புகார் வந்தால் எழுதி வைக்கும் பதிவேடு உண்டா? அந்தப் பதிவேட்டை வெளியார் யாராவது பார்க்கிறார்களா?

நல்ல முறையில் நடக்கும் இல்லம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. கோபம் வந்தால், ஐந்தாவது கேள்வியைச் சமூக நல இலாகாவில் கேட்க வேண்டியிருக்கும்.